ஒரு சொல்லும் பல வடிவும்: இராசசிம்மன் விருதுப்பெயர்களில் எழுத்தணி

கல்வெட்டு என்பது சொல்லும் வடிவும் கூடியதொரு பொருள். ஆயினும் கல்வெட்டாராய்ச்சியில் ஈடுபட்டோர் பெரும்பாலும் சொல்லையே முதன்மையாகக் கொண்டனர். அரசன் பெயர், ஆட்சியாண்டு, கொடைப்பொருள், நில எல்லை ஆகியவற்றை வாசித்தறிந்தபின் எழுத்தின் வடிவம் காலத்தைக் கணிக்க உதவும் கருவியாக மட்டும் எஞ்சியது. அவ் வடிவத்தை வரைந்தவன் ஒன்றைக் கருதியே வரைந்தானோ என்னும் வினா அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. ஒரே சொல்லை எடுத்துக்கொண்டு, அதனைக் கண்ணுக்குப் பொருளுணர்த்துமாறு பல வடிவங்களில் எழுத முயன்ற செயல் நம் நாட்டில் நிகழ்ந்துள்ளதா? நிகழ்ந்ததாயின் அம் முயற்சி எவ்வழியிற் சென்றது? இவ் வினாக்களுக்குக் காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலிலுள்ள விருதுப்பெயர்க் கல்வெட்டுக்களைச் சான்றாகக் கொண்டு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எழுத்தின் வடிவம் ஆராய்தற்குரியது என்னும் எண்ணம் தமிழிலக்கண மரபிற்குப் புதியதன்று. எகர ஒகரங்கட்கும் மெய்யெழுத்துக்கட்கும் புள்ளி இடுதலைத் தொல்காப்பியம் கூறுகின்றது. யாப்பருங்கல விருத்தி எழுத்தின் வகைகளைக் கூறுமிடத்து உருவெழுத்து என்பதனைத் தனிவகையாக எண்ணி, அதனை ஓவியன் கைவினையோடு ஒப்பிட்டுரைக்கின்றது. ஒலியெழுத்தினின்று உருவெழுத்தைப் பிரித்துக் காணும் இப் பகுப்பு நம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் துணையாவதாகும். கட்புலனாகும் எழுத்திற்கு ஓவியத்தின் இயல்பு உண்டு என்பதனை நம் உரையாசிரியர்கள் உணர்ந்திருந்தனர் என்பது இதனாற் பெறப்படும்.

கயிலாசநாதர் கோயிற் சான்று

இரண்டாம் நரசிம்மவர்மன் எனப்படும் இராசசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் காஞ்சியில் எடுப்பித்த கோயிலே இன்று கயிலாசநாதர் கோயில் எனப்படுகின்றது. கல்வெட்டில் இது அவன் பெயராலேயே வழங்கப்பட்டுள்ளது. நடுவிலுள்ள விமானத்தைச் சூழ்ந்து திருச்சுற்று மதிலையொட்டிச் சிறு கோயில்கள் வரிசையாக அமைந்துள்ளன. இச் சிறு கோயில்களில் அரசனுடைய விருதுப்பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. அவை 200-க்கு மேற்பட்டவை. இவற்றை ஊல்சு என்னும் செருமானிய அறிஞர் படித்து, 1890-இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் முதல் தொகுதியில் வெளியிட்டார்.

இப் பெயர்கள் ஒரு செய்யுளின் உறுப்புக்கள் அல்ல. ஒரு வாக்கியத்தின் பகுதிகளும் அல்ல. ஒவ்வொன்றும் தனித்து நிற்கும் ஒரு சொல். ரணஜயன் என்பது போரில் வெற்றியுடையவனைக் குறிக்கும். சங்கரபக்தன் என்பது சிவனடியானைக் குறிக்கும். வீணாநாரதன் என்பது வீணையில் நாரதனை ஒத்தவனைக் குறிக்கும். இங்ஙனம் வீரமும் பத்தியும் கலையும் கல்வியும் அடுத்தடுத்துப் பேசப்படுகின்றன. பெயர்களின்முன் ‘ஸ்ரீ’ என்னும் சொல் மீண்டும் மீண்டும் வருகின்றது. தமிழில் ‘திரு’ என்று வழங்கும் அதே மங்கலச் சொல் இது.

வியப்பிற்குரியது இவற்றின் அமைப்பு முறையாகும். ஒரே பெயர் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பலமுறை எழுதப்பட்டுள்ளது. ஒவ்வொரு முறையும் எழுத்துவகை வேறுபடுகின்றது. நான்கு வகை எழுத்துக்கள் இங்குக் கையாளப்பட்டுள்ளமையை அறிஞர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். தென்னாட்டுப் பல்லவ கிரந்தமும் வடபுலத்து நாகரியும் இவற்றுள் உள்ளன. நேரிய வடிவமும் உள்ளது. கொடிபோல் நீண்டு வளைந்து செல்லும் அணிசெய்த வடிவமும் உள்ளது. செய்தியைத் தெரிவிப்பதே நோக்கமாயின் ஒருமுறை எழுதுதல் போதுமன்றோ? ஒரு பெயரைப் பலமுறை பலவாறு எழுதியவன் செய்தியைக் காட்டிலும் காட்சியையே கருதினான் எனல் பொருந்தும்.

இராசசிம்மன் காலத்தில் இஃது ஒருமுறை மட்டும் நிகழ்ந்ததன்று. மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்திலுள்ள அதிரணசண்டேசுவரக் குடைவரையில் ஒரே வாசகம் ஒரு பக்கச் சுவரிற் பல்லவ கிரந்தத்திலும் எதிர்ச்சுவரில் நாகரியிலும் வெட்டப்பட்டுள்ளது. ஒரு பொருளை இருவேறு எழுத்துக்கள் எதிரெதிர் நின்று உரைக்கும் இவ் வமைப்பும் அக்காலத்து எழுத்துணர்வைப் புலப்படுத்துவதாகும்.

ஸ்ரீ என்னும் சொல்லின் உறுப்புக்கள்

வடிவ ஆராய்ச்சிக்கு ‘ஸ்ரீ’ என்னும் சொல்லைத் தேர்ந்துகொள்ளுதல் நலம். வேறு சொற்களை ஒப்பிடுங்கால், வேறுபாடு எழுத்தால் வந்ததோ, எழுதினோன் கருத்தால் வந்ததோ என்று துணிதல் அரிது. ஒரே சொல் ஒரே கோயிலிற் பலமுறை வருமிடத்து அவ் வையம் பெரும்பாலும் நீங்கிவிடும்.

இச் சொல்லின் வடிவம் மூன்று உறுப்புக்களால் ஆயது. நடுவே சகரத்தின் உடல் நிற்கின்றது. இது மேலே வளைந்து கவிந்த ஒரு வளைவும், உள்ளே ஒரு கோடும் உடையது. அதன் கீழே ரகரத்தின் இணைவடிவம் ஒரு கொக்கிபோல் தொங்குகின்றது. மேலே ஈகாரக் குறி சுழியாக அமைகின்றது. மூன்று உறுப்புக்கள் மூன்று நிலைகளில் அடுக்கப்பட்டமையால் இச் சொல் தனியொரு எழுத்துப்போலவே காட்சி தருகின்றது. இன்றைய தமிழ் அச்சிலும் இது ஒரே குறியாக நிற்றல் இப் பழமையின் எச்சமேயாகும்.

இனி, அணி எவ்வுறுப்பிற் சேர்கின்றது என்று காண்போம். நடுவிலுள்ள உடலை மிகுதியாக மாற்றினால் சகரம் சகரமாக நில்லாது. படிப்போன் வேறெழுத்தாக மயங்குவான். கீழ்த்தொங்கும் கொக்கிக்கு அவ்விடர் இல்லை. அதனை எத்துணை நீட்டினும், இடப்புறம் வளைத்து மேலேற்றினும் அது ரகரமே. மேற்சுழியும் அத்தகையது. குறிலுக்கும் நெடிலுக்கும் உரிய வேறுபாடு கெடாதவரை அதனை விரிக்கலாம், சுருட்டலாம், கொடியாகப் படரவிடலாம். எனவே எழுத்தின் உடல் கட்டுண்டது. அதன் மேலும் கீழும் உள்ள வெளி கட்டற்றது. அணி கட்டற்ற வெளியிலேயே மலர்கின்றது.

இவ் விதி ‘ஸ்ரீ’ ஒன்றற்கே உரியதன்று. பல்லவ கிரந்தத்தில் அகரம், ககரம், ரகரம் ஆகியவை கீழ்நோக்கி இறங்கும் நெடுங்கோடு உடையவை. அக்கோட்டின் நுனி இடப்புறமாக வளைந்து மேலேறுவது இயல்பு. அணிசெய்த எழுத்தில் மிகுதியாக வளர்வது அந் நுனியே. இக்கோடுகள் இல்லாத எழுத்துக்கள் பெரும்பாலும் அடக்கமாகவே நிற்கின்றன. எழுத்தணி என்பது புறத்தேயிருந்து ஒட்டவைத்த பூ அன்று. எழுத்தின் உள்ளமைப்பு இடங்கொடுக்கும் திசையில் அதுவே நீண்டு வளர்ந்த கிளையாகும்.

வடிவும் பொருளும்

இங்கு ஒரு முதன்மையான வினா எழுகின்றது. வடிவம் சொல்லின் பொருளைப் போலி செய்கின்றதா? ரணஜயன் என்னும் பெயர் வாள்போற் கூர்மையாகவும், வீணாநாரதன் என்னும் பெயர் யாழின் நரம்புபோல் மென்மையாகவும் எழுதப்பட்டனவா? இவ்வாறு கூற விழைதல் எளிது. கேட்போர்க்கும் அஃது இனிமை பயக்கும். ஆயின் கல்வெட்டின் அமைப்பே அதனை மறுக்கின்றது.

வரிசைகளின் அமைப்பை ஒரு கட்டமாகக் கருதுக. மேலிருந்து கீழாக நோக்குங்கால் பெயர் மாறுவதில்லை, எழுத்துவகையே மாறுகின்றது. ஒரே வரிசையிற் பக்கவாட்டில் நோக்குங்கால் பெயர்கள் மாறுகின்றன, எழுத்துவகை மாறுவதில்லை. அஃதாவது, வீரப்பெயர்க்கும் கலைப்பெயர்க்கும் ஒரு வரிசையில் ஒரே எழுத்தணியே வழங்குகின்றது. ஒரு வீரப்பெயர்க்கே நான்கு வேறு எழுத்துக்கள் வழங்குகின்றன. பொருள் வடிவத்தைத் தீர்மானித்திருக்குமாயின் இவ்விரண்டும் நிகழா. ஆகவே தனிப்பெயரின் பொருளை வடிவம் போலி செய்யவில்லை என்பது துணிபு.

ஒரு வரிசைக்குள்ளேயே சிறு வேறுபாடுகள் உளவன்றோ எனின், உள்ளனவே. ஆயின் கல்லின் அகலம், அடுத்த எழுத்து விட்ட இடம், உளியின் போக்கு, எழுதுவோன் கை ஆகியவற்றால் அவை நேரும். அவ் வேறுபாடுகளும் பொருளால் நேர்ந்தன என்று நிறுவ விழைவோர், வீரப்பெயர்கள் அனைத்திற்கும் பொதுவாய், ஏனைய பெயர்களில் வாராததாய் ஒரு கூற்றை எடுத்துக்காட்டுதல் வேண்டும். ஒன்றிரண்டு எடுத்துக்காட்டுக்களைத் தெரிந்தெடுத்து அழகு கூறுதல் ஆராய்ச்சியாகாது.

அங்ஙனமாயின் வடிவம் உணர்த்துவதுதான் யாது? எம் கருத்தில் அது பெயரின் பொருளையன்று, பெயருக்குரியோன் பெருமையையே உணர்த்துகின்றது. ஒரு பெயரைத் தென்னாட்டு எழுத்திலும் வடநாட்டு எழுத்திலும் எழுதுவது, இரு புலத்தாரும் அதனைக் காண்க என்று கூறுவதாகும். நேரிய எழுத்து வாசிப்போனை நோக்கியது. அணியெழுத்தோ வாசிப்பைச் சற்றே தாழ்த்திக் கண்ணைத் தன்பால் நிறுத்துகின்றது. வாசிக்க அறியாதவனும் அதன்முன் நிற்பான். இஃது ஏதோ சிறப்புடையது என்று உணர்வான். ‘ஸ்ரீ’ என்னும் சொல் திருவைக் குறிப்பது. திரு என்பதோ கண்டாரால் விரும்பப்படும் தன்மை நோக்கம் என்று உரையாசிரியர் பேராசிரியர் விளக்கியதாகக் கற்றோர் அறிவர். அவ் விளக்கத்தைக் கல்லில் எழுதிக் காட்டியது போன்றதே இவ் வணியெழுத்து.

சித்திரகவியோடு இதனை ஒப்பிடுதல் இவ் வேறுபாட்டை மேலும் தெளிவாக்கும். காவியாதரிசத்தின் ஆசிரியராகிய தண்டி காஞ்சிப் பல்லவர் அவையோடு தொடர்புடையவர் என்பது அறிஞர் பலர் கருத்து. அந்நூலின் மூன்றாம் பகுதி கோமூத்திரி, சருப்பதோபத்திரம் முதலிய சித்திரக் கட்டுக்களைக் கூறுகின்றது. தமிழில் தண்டியலங்காரம் சொல்லணியியலில் இவற்றை விரித்துரைக்கின்றது. சித்திரகவியில் எழுத்துக்களின் வைப்புமுறையே வியப்புத் தருவது. ஓரெழுத்தின் தனிவடிவம் அங்குப் பொருட்டன்று. விருதுப்பெயரிலோ வைப்புமுறை எளியது. எழுத்தின் தனிவடிவமே வியப்புத் தருவது. முன்னது எழுத்துக்களால் ஆகும் ஓவியம். பின்னது எழுத்தே ஓவியமாதல். இரண்டும் ஒரே காலத்து அவையில் மதிக்கப்பட்டன எனின், எழுத்தைச் செவிக்கு மட்டுமன்றிக் கண்ணுக்கும் உரியதாகக் கருதிய ஒரு கல்விச் சூழல் அங்கு நிலவிற்று என்று கொள்ளலாம்.

முன்னோடிகள்

இவ் வழக்கம் இராசசிம்மனொடு தோன்றியதன்று. கிருட்டிணையாற்றங்கரையில் நாகார்சுனகொண்டாவில் இக்குவாகு மரபினர் காலத்துக் கல்வெட்டுக்களிற் செங்குத்துக் கோடுகளும் இகர ஈகாரக் குறிகளும் மிக நீண்டு வளைந்து செல்வதைக் காணலாம். அவை கி.பி. மூன்று, நான்காம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை. அணி சேரும் இடம் அங்கும் கோட்டின் நுனியும் உயிர்க்குறியுமேயாதல் கருதத்தக்கது.

வடநாட்டிலும் பிறவிடங்களிலும் சங்கலிபி என வழங்கும் ஒருவகை எழுத்து உண்டு. சங்கின் சுழிபோன்ற வளைவுகள் மிக்கமையால் அப்பெயர் பெற்றது. அதன் கல்வெட்டுக்கள் மிகச் சிறியவை. பெரும்பாலும் ஆட்பெயர்களாக இருக்கலாம் என்று கருதப்படுகின்றன. சாவகத் தீவில் ஐந்தாம் நூற்றாண்டளவிலிருந்த பூரணவர்மனின் சியாருத்தன் கல்லில், திருவடிச் சுவடுகளின் அருகே தென்னாட்டு எழுத்திலமைந்த வாசகத்தோடு இத்தகைய எழுத்தும் காணப்படுகின்றது. அணி அளவுகடந்து வளர்ந்தால் எழுத்து வாசிக்க இயலாததாகிவிடும் என்பதற்குச் சங்கலிபி நல்லதோர் எச்சரிக்கையாகும். கயிலாசநாதர் கோயில் எழுத்தாளன் அவ்வெல்லைக்குச் செல்லவில்லை. நேரிய வடிவத்தையும் உடன் வைத்தமையால் அணியெழுத்தைப் படித்தறியும் திறவுகோலையும் அவனே தந்துவிட்டான்.

பல்லவ மரபினுள்ளேயே முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தன் விருதுப்பெயர்களைக் குடைவரைத் தூண்களில் வெட்டுவித்தான். பல்லாவரம், திருச்சிராப்பள்ளி முதலிய இடங்களில் அவற்றைக் காணலாம். சித்திரகாரப்புலி என்பது அவன் பெயர்களுள் ஒன்று. ஓவியர்க்குப் புலியெனத் தன்னைக் கூறிக்கொண்ட அரசன் தன் பெயரைத் தூணின் அழகிற்கு உரியதாகவும் கருதியிருத்தல் இயல்பே. பாட்டனின் பாட்டன் தூணில் தொடங்கியதைப் பெயரன் மதிற்கோயில்கள் எங்கும் பரப்பினான்.

காலக் கணிப்பில் விளையும் சிக்கல்

இவ் வாராய்ச்சி அழகுணர்ச்சியைப் பற்றியது மட்டுமன்று. மாமல்லபுரத்தின் வரலாறே இதனொடு பிணைந்துள்ளது. தருமராச இரதத்திலுள்ள விருதுப்பெயர்கள் பழைய நேரிய பல்லவ கிரந்தத்தில் உள்ளன. கணேச இரதத்திலும் தருமராச மண்டபத்திலும் உள்ள கல்வெட்டு அத்யந்தகாமன் என்னும் பெயரைக் கூறி, அணிமிக்க எழுத்தில் அமைந்துள்ளது. நேரிய எழுத்து முந்தியது, அணியெழுத்து பிந்தியது என்று கொண்டு, இவை வெவ்வேறு அரசர் காலத்தன என்று முன்னைய அறிஞர்கள் முடிவு செய்தனர். 1962-இல் இரா. நாகசாமி அவர்கள் இம்முடிவை மறுத்து, மாமல்லபுரக் கோயில்கள் அனைத்தும் இராசசிம்மன் ஒருவனாலேயே அமைக்கப்பெற்றன என்று எழுதினார். கே. ஆர். சீனிவாசன் அவர்கள் 1964-இல் வெளிவந்த தம் நூலில் மகேந்திரன் முதல் இராசசிம்மன்வரை படிப்படியாக நிகழ்ந்த வளர்ச்சியாகவே பல்லவர் குடைவரைகளைக் கண்டார்.

இவ்விரு கொள்கைகளுள் எது சரியென்று தீர்ப்பது எம் நோக்கமன்று. சிற்பம், தூணின் அமைப்பு, அரசர் பெயர் வழக்கு ஆகிய பல சான்றுகளும் அதற்கு வேண்டும். எழுத்தைப் பற்றி மட்டும் ஒன்று கூறலாம். கயிலாசநாதர் கோயிலில் ஓர் அரசன், ஒரு கட்டடம், ஒரு பெயர், எழுத்துக்களோ பல. நேரியதும் அணிமிக்கதும் ஒருங்கே நிற்கும் அவ்விடத்தை நோக்கியபின், அணி ஒன்றையே கொண்டு காலத்தை முன்பின்னாக வைத்தல் இயலாது. அஃது எழுதுவித்தோன் விருப்பத்தைக் காட்டுமேயன்றி ஆண்டைக் காட்டாது. காலங்காட்டுவது எழுத்தின் உடலமைப்பில் நிகழும் மாற்றம். விருப்பங்காட்டுவது அதன் நுனிகளில் நிகழும் மாற்றம். மேலே ‘ஸ்ரீ’ என்னும் சொல்லில் யாம் கண்ட கட்டுண்ட பகுதி, கட்டற்ற பகுதி என்னும் பிரிவு இங்குப் பயன்படுகின்றது. காலக் கணிப்பிற்குக் கட்டுண்ட பகுதியையே அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும். நுனியின் நீளத்தையும் சுழியின் அழகையும் அதனின்று நீக்கிப் பார்க்கவேண்டும்.

அச்சில் இழந்தவை

இத்தகைய பிரிவு இதுகாறும் பெரிதும் கருதப்படாமைக்குக் காரணம் யாது? நாம் கல்வெட்டைக் கற்கும் முறையே காரணம். கல்வெட்டுத் தொகுதிகள் வாசகத்தைப் பெயர்த்தெழுதித் தருகின்றன. அங்கு நான்கு வரிசைகளும் ஒரே அச்செழுத்தில் வருதலால் ஒரே பெயர் நான்குமுறை கூறப்பட்டதுபோல் தோன்றும். பயில்வோன் அதனைக் கூறியது கூறல் என்று கடந்து செல்வான். கல்லில் வேற்றுமையாக இருந்தது தாளில் ஒருமையாகிவிட்டது. பதிப்பாசிரியர்மேற் குறைகூறுதற்கு இதில் இடமில்லை. வாசகத்தைத் தருதலே அவர் மேற்கொண்ட பணி.

மைப்படி எடுக்கும் முறை இக்குறையை ஓரளவு நீக்கும். கல்லைத் தூய்மை செய்து, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்துப் பள்ளங்களிற் படியச்செய்து, மேலே மையொற்றினால் பள்ளங்கள் வெண்மையாக எஞ்சும். எழுத்தின் நுனிவரை அதிற் காணலாம். ஆயின் மெல்லிய நுனிகள் கல்லிலேயே தேய்ந்துவிட்டால் படியும் துணைசெய்யாது. கயிலாசநாதர் கோயில் பெரும்பாலும் மணற்கல்லால் ஆயது. மணற்கல் மழையிலும் உப்புக்காற்றிலும் பொரிந்து உதிரும் இயல்பினது. பிற்காலத்துச் சுதைப்பூச்சும் பல இடங்களில் பழைய வேலைப்பாட்டை மறைத்துள்ளது. உதிர்வதில் முதலில் அழிவது நுனியும் சுழியுமே. எழுத்தின் உடல் எஞ்சுதலால் வாசகம் காக்கப்பட்டது என்று நாம் ஆறுதல் கொள்வோம். அவ் வெழுத்தை எழுதியவன் தன் கைத்திறத்தைக் காட்டிய இடமோ நம் கண்முன்னே மறைந்துவிடும்.

இக்காலக் கணிப்பொறி முறையும் இதற்கு முழுமருந்தாகாது. 2014-இல் ஒருங்குறியில் கிரந்த எழுத்துக்களுக்கு இடம் அளிக்கப்பெற்றது. பழைய வாசகங்களைப் பதிப்பிப்போர்க்கு அது பெருந்துணை. ஆயின் குறியெண் என்பது இன்ன எழுத்து என்பதனைக் குறிக்குமேயன்றி, அவ் வெழுத்து எவ்வாறு வளைந்து நின்றது என்பதனைக் குறியாது. நான்கு வரிசைகளும் அங்கும் ஒன்றாகவே எண்ணப்படும். ஆதலால் வாசகப் பதிப்போடு வடிவப் பதிப்பும் வேண்டும். ஒவ்வொரு ‘ஸ்ரீ’யையும் தனித்தனியே நிழற்படமும் மைப்படியும் எடுத்து, வரிசை, இடம், அடுத்த பெயர் ஆகியவற்றோடு தொகுத்தல் முதற்பணியாகும். முதுகலை மாணவர் சிலர் ஒன்றுகூடின் இது செய்து முடிக்கத்தக்கதே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று கருத்துக்கள் பெறப்படும். ஒரு சொல்லைப் பலவாறு எழுதிக் காட்சிப்பொருளாக்கும் முயற்சி எட்டாம் நூற்றாண்டுக் காஞ்சியில் முறையாகவே நிகழ்ந்தது. அம் முயற்சி சொல்லின் பொருளைப் போலி செய்யாமல், எழுத்தின் அமைப்பு இடங்கொடுத்த வெளியை வளர்த்துச் சொல்லுக்குப் பெருமை சேர்த்தது. அணியை அணியென்றே அறிந்து நீக்கினாலன்றி எழுத்தைக் கொண்டு காலங்கணித்தல் பிழைபடும்.

இன்று ஒரு சொல்லுக்கு உரிய வடிவத்தைத் தேடும் எழுத்தோவியரும் இங்குக் கற்றற்குரியது ஒன்றுண்டு. எழுத்தில் எது மாறக்கூடாது என்பதனை முதலில் அறிந்தவனே எதனை மாற்றலாம் என்பதனை அறிவான். பெயர் அறியப்படாத அப் பல்லவ எழுத்தாளன் அதனை நன்கு அறிந்திருந்தான். தன் பெயரை எங்கும் எழுதாத அவன், அரசன் பெயர்க்கு முன்னின்ற ஒரு சிறு சொல்லின் நுனியிலே தன்னை எழுதிச் சென்றான். அந் நுனி உதிருமுன் அதனைக் கண்டு பதிவுசெய்தல் நம் கடனாகும்.